கரண்டும் கருவியும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்கள் முக்கால்வாசியில ஒரு விஷயம் இல்லை. சாமானுக்குப் பின்பக்கமோ அடியிலயோ சின்ன எழுத்தில ஒரு லேபிள் ஒட்டியிருக்கும்தானே, அதில என்ன போட்டிருக்கு எண்டு ஆரும் எழுதேல்லை. பெட்டிக்கு மேல பெருசா அடிச்சிருக்கிறதை எல்லாரும் எழுதியிருக்கிறீங்க. அடுத்த முறை அந்த லேபிளை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, பாதிக் கேள்விக்குப் பதில் அதிலயே கிடக்கும்.

கேள்வி: டிசம்பர்ல மச்சாள் கனடாவில இருந்து வாறா. மகனுக்கு ஒரு ஐபோனும் எனக்குக் கேக் அடிக்கிற பெரிய மெஷினும் கொண்டு வாறன் எண்டு நிக்கிறா. ரெண்டும் இங்க வேலை செய்யுமோ? வேண்டாம் எண்டு சொன்னாலும் கோவிப்பா.
(வெள்ளவத்தையில இருந்து ஒரு அக்கா)

பதில்: அக்கா, போனுக்கு ஓம் சொல்லுங்க, மெஷினுக்கு வேண்டாம் எண்டு சொல்லுங்க. கோவிச்சாலும் பரவாயில்லை, காரணத்தைச் சொன்னா அவவுக்கு விளங்கும்.

முதல்ல மெஷினைப் பார்ப்பம். கனடாவில வீட்டுக் கரண்ட் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்க இலங்கையில 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்கை மட்டும் மாத்திற அடப்டர் ஒண்டைப் போட்டுக் குத்தினீங்க எண்டால் பின்னோட வடிவம்தான் மாறும், வோல்ட் மாறாது. 120க்குச் செய்த சாமானுக்குள்ள 230 போனால் கிட்டத்தட்ட நாலு மடங்கு சூடு, மோட்டர் கருகிப் போகும். புறக்கோட்டையில டிரான்ஸ்போமர் விக்கிறாங்கதான், ஆனா மெஷின்ர வாட்டை விடக் கூடின வாட் உள்ளதா வாங்க வேணும், அது கல்லு மாதிரிப் பாரம், குசினி மேசையில பாதி இடத்தையும் பிடிச்சுக்கொள்ளும், இவ்வளவும் செய்தாலும் 60 ஹெர்ட்ஸ் வராது. சில மோட்டருக்கு அது பிரச்சினை இல்லை, சிலது மெதுவா ஓடிச் சூடாகும். பிறகு பழுதானா இங்க பார்ட்ஸும் இல்லை வாரண்டியும் இல்லை. அந்தக் காசுக்கு இங்கயே ஏஜென்ட் வாரண்டியோட ஒண்டு வாங்குங்க.

லண்டன்ல இருந்து ஆரும் கொண்டு வாறதெண்டால் கதை வேற. அங்கயும் 230 வோல்ட், அதே சதுரப் பின் 13 அம்பியர் பிளக், நேராக் கொண்டு வந்து குத்தலாம். ஜெர்மனி, பிரான்ஸ், சுவிஸ் எண்டால் வோல்ட் சரி, பிளக்கைத்தான் மாத்த வேணும். அதையும் எர்த் வயரைச் சரியாக் கொடுத்து மாத்தத் தெரிஞ்ச ஒருத்தரைக் கொண்டு செய்யுங்க.

போன், லப்டொப் சார்ஜர்களுக்கு இந்தப் பயம் இல்லை. லேபிளில 100-240 எண்டு போட்டிருக்கும், உலகத்தில எங்கயும் குத்தலாம். ஆனா போனுக்கு வேற மூண்டு விஷயம் இருக்கு.

ஒண்டு, லொக். கனடாவில 2017 டிசம்பர்ல இருந்து போனை ஒரு கொம்பனிக்கு மட்டும் லொக் பண்ணி விக்கத் தடை, அதால புதுசா வாங்கினா பயம் இல்லை. அமெரிக்காவில அப்பிடித் தடை இல்லை, அங்க இருக்கிற சொந்தக்காரர் கொண்டு வந்தால் அன்லொக்கா எண்டு கட்டாயம் கேளுங்க. அடுத்தது சிம். இப்ப கனடாவில விக்கிற ஐபோன் 17இல சிம் போடுற தட்டே இல்லை, முழுக்க ஈசிம், அதாவது போனுக்குள்ளயே பதிஞ்சிருக்கிற சிம். அமெரிக்காவில ஐபோன் 14இல இருந்தே அப்பிடித்தான். டயலொக், மொபிடெல் ரெண்டிலயும் ஈசிம் எடுக்கலாம், இருக்கிற நம்பரையே மாத்தலாம், பிரச்சினை இல்லை. ஆனா மகன் சிம்மைக் கழட்டிக் கழட்டி வேற போனில போடுற ஆள் எண்டால் இதை முதல்லயே சொல்லி வைங்க.

மூண்டாவதுதான் முக்கியம். 2025 ஜனவரி 28இல இருந்து தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில பதியாத புதுப் போன்களை இங்கத்தைய நெட்வேர்க்கில சேர்க்கிறது இல்லை. அதுக்கு முதல் இங்க பாவனையில இருந்த போன்களுக்குப் பிரச்சினை இல்லை. வெளியில இருந்து கொண்டு வாற போனை ஆணைக்குழுவில விண்ணப்பிச்சுப் பதிய வேணும், அதால வாங்கின பில்லை எறியாம கொண்டு வரச் சொல்லுங்க. *#06# எண்டு அடிச்சா 15 இலக்க ஐஎம்இஐ நம்பர் வரும், அதுதான் அந்தப் போனின்ர அடையாள நம்பர். மச்சாள் பிளேன் ஏற முதலே அதைப் படம் எடுத்து அனுப்பினா நீங்க இங்க வேலையைத் தொடங்கலாம்.

கேள்வி: எங்கட வாப்பா ரெண்டு பின் சார்ஜரை சதுர பிளக் பேஸ்ல போடுறதுக்கு மேல் ஓட்டைல பேனைய குத்தித் திறந்து போடுறார். சென்னா கேக்குறார் இல்ல. இப்ப நாலு வயசு தம்பியும் பாத்துட்டு ஈர்க்கு எடுத்துட்டு வாறான். இது ஆபத்தா?
(தெமட்டகொடையிலிருந்து ஒரு தங்கச்சி)

பதில்: ஆபத்துத்தான் தங்கச்சி, சின்ன ஆபத்து இல்லை. இண்டைக்கே நிப்பாட்டுங்க. இந்தப் பதிலை வாப்பாவுக்கு வாசிச்சுக் காட்டுங்க.

சதுரப் பின் பிளக்கில மேல இருக்கிற எர்த் பின் மற்ற ரெண்டையும் விட நீளம். அது முதல்ல உள்ள போய், கீழ ரெண்டு ஓட்டையையும் மூடியிருக்கிற கதவைத் திறக்கும். சின்னப் பிள்ளையள் ஆணியோ கம்பியோ விடாமல் இருக்கத்தான் அந்தக் கதவை வைச்சிருக்கிறாங்க. வாப்பா பேனையால திறக்கிறது அந்தக் காவலைத்தான். இண்டைக்கு ஈர்க்கு எடுக்கிற பிள்ளை நாளைக்கு ஸ்குரூ டிரைவர் எடுக்கும். அதோட, ரெண்டு உருண்டைப் பின்னும் அந்த ஓட்டைக்குள்ள இறுக்கமா நிக்காது, ஆடும், பொறி பறக்கும், பேஸ் உள்ளுக்குள்ள கருகும். கறுத்துப் போன பிளக் பேஸ் உங்கட வீட்டில இருக்கும், பாருங்க. இருந்தால் மாத்துங்க.

ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே எண்டு வாப்பா சொல்லக்கூடும். அது கரண்ட் நிலத்துக்குக் கசிஞ்சால்தான் விழும். ஒரு கை லைவ்லயும் மற்றக் கை நியூட்ரல்லயும் பட்டால் அது விழாது. இருந்தாலும் அது கட்டாயம் வேணும், அதில இருக்கிற டெஸ்ட் பட்டனை மாசத்துக்கு ஒருக்கா அமத்திப் பாருங்க, விழேல்லை எண்டால் எலெக்ட்ரிசியனைக் கூப்பிடுங்க.

செலவும் பெரிசில்லை. ஃபியூஸ் உள்ள நல்ல அடப்டர் ஒண்டு எஸ்எல்எஸ் எண்ட இலங்கைத் தர முத்திரை பாத்து வாங்குங்க, இல்லாட்டி சதுரப் பின் சார்ஜரே வாங்குங்க.

கேள்வி: நான் வீட்டில இருந்துதான் வேலை. கரண்ட் போனா ரவுட்டரும் போயிடுது, மீட்டிங் நடுவில நிக்குது. பெரிய யூபிஎஸ் வாங்கக் காசு இல்லை. கடைக்காரர் 10,000 எம்ஏஎச் மினி யூபிஎஸ் காட்டி ஒரு நாள் முழுக்க நிக்கும் எண்டு சொல்றார், நம்பலாமா?
(கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி)

பதில்: தம்பி, மினி யூபிஎஸ் நல்ல யோசனை, ஒரு நாள் முழுக்க எண்டது பொய். எப்பிடிக் கணக்குப் பாக்கிறது எண்டு சொல்றன், இது தெரிஞ்சால் பவர் பேங்க் வாங்கேக்கையும் உங்களை ஒருத்தரும் ஏமாத்தேலாது.

பெட்டியில போட்டிருக்கிற 10,000 எம்ஏஎச் உள்ளுக்குள்ள இருக்கிற லித்தியம் செல்லுக்கு, அதின்ர வோல்ட் 3.7. ரெண்டையும் பெருக்கி ஆயிரத்தால பிரிச்சா 37 வாட் அவர். உங்கட ரவுட்டருக்கு வேண்டியது 12 வோல்ட், செல்லில இருந்து அதை 12க்கு ஏத்தேக்க கொஞ்சம் வீணாப் போகும், 30 எண்டு வைச்சுக்கொள்ளுங்க. சாதாரண வீட்டு ரவுட்டர் எட்டு, பத்து வாட் இழுக்கும். அப்ப மூண்டு, மூண்டரை மணித்தியாலம். கொழும்பில சும்மா ஒரு பிரேக் டவுனுக்கு அது தாராளம். 2025 பெப்ரவரி 9இல நாடு முழுக்கக் கரண்ட் போனது மாதிரி ஒரு நாள் வந்தாலும் கொஞ்ச நேரமாவது சமாளிப்பீங்க.

வாங்க முதல் ரவுட்டரோட வந்த சார்ஜரைத் தூக்கிப் பின்னால பாருங்க. 12 வோல்ட் 1 அம்பியரா, 1.5ஆ, 2ஆ எண்டு போட்டிருக்கும். வோல்ட் அப்பிடியே ஒத்துப் போக வேணும், 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 குடுத்தீங்க எண்டால் அடிச்சுப் போயிடும். அம்பியர் யூபிஎஸ்ல கூட இருந்தால் பிரச்சினை இல்லை, குறைய இருந்தால்தான் ரவுட்டர் நிண்டு நிண்டு வரும். குத்திற பின்ர நடுப்பக்கம் பிளஸ்ஸா எண்டும் பாருங்க, லேபிளில ஒரு சின்ன வட்டப் படம் போட்டிருக்கும். கையில நல்ல பவர் பேங்க் இருக்கெண்டால், 5 வோல்ட்டை 12ஆக்கிற கேபிள் மட்டும் வாங்கினாலும் சின்ன ரவுட்டர் ஓடும், காசு இன்னும் மிச்சம்.

இன்னொரு விஷயத்தைக் கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார். உங்களுக்கு வாறது ஃபைபரா, சிம் போட்ட 4ஜி ரவுட்டரா? ஃபைபர் எண்டால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கும் உங்கட வீட்டுக்கும் இடையில இருக்கிற பிரிப்புப் பெட்டிகளுக்குக் கரண்டே தேவையில்லை, வெளிச்சம்தான் போய் வருது, எக்ஸ்சேஞ்ச்ல ஜெனரேட்டர் ஓடும் வரைக்கும் உங்களுக்கு லைன் இருக்கும். 4ஜி எண்டால் டவர் பேட்டரியில நிக்கும், நேரம் போகப் போக அதுவும் இறங்கும், அயலில உள்ள எல்லாரும் அந்த நேரம் போன் டேட்டாவுக்கு மாறுறதால ஸ்பீடும் விழும். வீட்டில இருந்து வேலை செய்து சம்பளம் எடுக்கிற ஆள், உங்கட கட்டடத்துக்கு ஃபைபர் வருமெண்டால் முதல்ல அதுக்கு மாறுங்க, பிறகு யூபிஎஸ் வாங்குங்க.

2022இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டின காலத்தில வாங்கின மினி யூபிஎஸ் இப்பவும் கன வீட்டில கிடக்கு. அதின்ர செல்லுக்கு வயசு போயிட்டுது. யூஸ்ட்ல மலிவா வருது எண்டு அதை வாங்காதீங்க. உங்கட வீட்டிலயே பழசு இருந்தால், தடவிப் பாருங்க, ஊதியிருந்தால் கழட்டி வையுங்க.

கேள்வி: யூஸ்ட் போன் ஒண்டு ஒரு கடையில வாங்கினேன், ஒரு கிழமை செக்கிங் வாரண்டி. அடுத்த கிழமை பின் மூடி தூக்கிட்டு வருது. கடைக்காரர் டைம் முடிஞ்சு எண்டு கையை விரிச்சிட்டார். பில்லும் கையால எழுதினதுதான். என்ன செய்யலாம் அண்ணே?
(கிராண்ட்பாஸிலிருந்து ஒரு தம்பி)

பதில்: தம்பி, முதல்ல போனை ஓஃப் பண்ணுங்க. மூடி தூக்குறது பேட்டரி ஊதினதால. சார்ஜ் போடாதீங்க, அமத்தி மூடப் பாக்காதீங்க, ஊசியால குத்திக் காத்து எடுக்கலாம் எண்டு ஆரும் சொன்னா அவரிட்டக் கொடுக்காதீங்க. பத்தக்கூடிய சாமான்களுக்குக் கிட்ட இல்லாம, வெயில் படாத இடத்தில வைச்சு, பேட்டரி கழட்டத் தெரிஞ்ச ரிப்பேர்காரரிட்டக் கொண்டு போங்க. கழட்டின பேட்டரியைக் குப்பையோட போட வேண்டாம், நசிஞ்சால் லொறிக்குள்ள பத்தும்.

காசு விஷயம். கையால எழுதின பில்லும் பில்தான், கவனமா வைச்சிருங்க, போட்டோவும் எடுத்து வையுங்க. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 எண்ட நம்பருக்குக் கோல் எடுத்துக் கேக்கலாம், தமிழிலயே கதைங்க. ஆனா கோல் எடுத்ததோட விடாதீங்க. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வாரண்டி சம்பந்தமான முறைப்பாடு எழுத்தில, வாங்கி மூண்டு மாசத்துக்குள்ள போக வேணும். கன பேர் கடைக்கு நடந்து நடந்தே அந்த மூண்டு மாசத்தையும் விட்டிடுறாங்க. கடைக்காரர் "நாளைக்கு வாங்க" எண்டு சொல்றது உங்கட நாளைத்தான் தின்னுது. நாளைக்கே ஒரு கடிதம் எழுதி பில் கொப்பியோட அனுப்புங்க. கட்டாயம் காசு திரும்பி வரும் எண்டு நான் சொல்லேல்லை, ஆனா முறைப்பாடு போயிட்டுது எண்டு தெரிஞ்சால் கன கடைக்காரர் பேச்சை மாத்துவாங்க.

யூஸ்ட் வாங்கப் போற மற்ற ஆக்களுக்கு: லிபர்ட்டி பிளாசாவா இருந்தாலும் புறக்கோட்டையா இருந்தாலும் காசைக் கொடுக்க முதல் கடையில நிண்டே பாருங்க. *#06# அடிச்சு ஐஎம்இஐ எடுத்து, இங்கிலீஷ்ல ஐஎம்இஐ எண்டு டைப் பண்ணி ஒரு இடைவெளி விட்டு அந்த 15 இலக்கத்தையும் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்க, பதிஞ்ச போனா எண்டு பதில் வரும். ஐபோன் எண்டால் செட்டிங்ஸ்ல ஜெனரல், அதுக்குள்ள அபவுட் போனால், ஐபோன் 12இலயும் அதுக்குப் பிறகு வந்த மொடல்களிலயும் பேட்டரி, டிஸ்ப்ளே மாத்தியிருக்கா, ஒரிஜினலா எண்டு காட்டும். பழைய ஆளின்ர ஐகிளவுட் கணக்கு உங்கட கண் முன்னால கழட்டியிருக்க வேணும். கழட்டாமல் தாறவரிட்ட எவ்வளவு மலிவெண்டாலும் வேண்டாம்.

கேள்வி: புறக்கோட்டை நடைபாதையில 2 டிபி பென் டிரைவ் நம்ப முடியாத விலைக்குக் கிடக்கு. கல்யாணப் போட்டோ, வீடியோ எல்லாம் போட்டு வைக்கலாமா?
(மட்டக்குளி)

பதில்: வேண்டாம். அதுக்குள்ள இருக்கிறது 32 ஜிபியோ 64 ஜிபியோ, கம்ப்யூட்டருக்கு 2 டிபி எண்டு பொய் சொல்ல வைச்சிருப்பாங்க. மோசம் என்னெண்டால் கொப்பி பண்ணேக்க ஒரு பிழையும் காட்டாது, பேர் எல்லாம் வரிசையா நிக்கும், திறந்து பாத்தால்தான் படம் இல்லை. முதல்ல போட்டதுக்கு மேலயே பிறகு போட்டது எழுதுப்பட்டிருக்கும். அப்பிடிப் போன படத்தை ஒருத்தராலயும் எடுத்துத் தரேலாது. ஏற்கனவே வாங்கிட்டீங்க எண்டால் எச்2டெஸ்ட்டபிள்யூ எண்ட இலவச சொஃப்ட்வெயரால முழுசா எழுதி வாசிச்சுப் பாருங்க, உண்மையான அளவு வெளியில வரும். கல்யாணப் போட்டோவுக்கு ஏஜென்ட் வாரண்டி உள்ள ஹார்ட் டிஸ்க் ஒண்டு வாங்குங்க, இன்னொரு கொப்பி வேற ஆரும் ஒருத்தர் வீட்டில இருக்கட்டும்.

கேள்வி: கடலைப் பாத்த பிளட்டில நாலாம் மாடியில இருக்கிறம். ரெண்டு வருஷத்தில ஏசி வெளி யூனிட் துருப்பிடிச்சிட்டுது, போன் சார்ஜ் போடுற வாயும் பச்சை பிடிக்குது. என்ன செய்தும் சரி வருதில்லை.
(பம்பலப்பிட்டி, மரைன் டிரைவ் பக்கம்)

பதில்: உப்புக் காத்துத்தான். ஜன்னல் கண்ணாடியில விரலை வைச்சு நாக்கில தொட்டால் உங்களுக்கே தெரியும். தென்மேல் பருவக் காத்து அடிக்கிற மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் இன்னும் மோசம்.

ஏசி வெளி யூனிட்டில மெல்லிசு அலுமினியத் தகடுகள் இருக்கு, உப்பும் ஈரமும் சேர்ந்து அதைத் தின்னும். கரண்ட் மெயின்ல ஓஃப் பண்ணிட்டு நல்ல தண்ணியால மெதுவாக் கழுவ வேணும், சர்வீஸ்காரர் வருஷத்துக்கு ஒருக்கா வாறது கடற்கரைக்குக் காணாது. நாலாம் மாடி வெளிச் சுவரில இருக்கிற யூனிட்டை நீங்களாத் தொங்கிக் கழுவ வேண்டாம், சர்வீஸ்காரரைத்தான் கூப்பிட வேணும். புதுசு வாங்கேக்க தகட்டுக்குக் கோட்டிங் அடிச்சதா எண்டு கேளுங்க, முடிஞ்சால் கடலைப் பாக்காத சுவரில பூட்டுங்க, ஏஜென்ட் வாரண்டியில கடற்கரைத் துரு அடங்குமா எண்டு கார்டை வாசிச்சுப் பாத்திட்டுக் காசைக் கட்டுங்க.

போனுக்கு: ஈரம் இருக்கு எண்டு போன் சொன்னால் சார்ஜ் போடாதீங்க. ஈரமும் கரண்டும் சேர்ந்தால்தான் பச்சை பிடிக்கும். வாயைக் கீழ பாக்க வைச்சு, பேனுக்குக் கீழ காய விடுங்க. அரிசிக்குள்ள போட வேண்டாம், மாத்தூள் உள்ள போயிடும். வயர் இல்லாத சார்ஜிங் உள்ள போன் எண்டால் கடற்கரை வீட்டுக்கு அதுதான் நல்லம். டிவியைப் பல்கனிக் கதவுக்கு நேர வைக்காதீங்க.

கேள்வி: அப்பா ஹட்டன்ல தனியா இருக்காரு. ஸ்மார்ட் போன் வாங்கிக் குடுத்தேன். எழுத்து தெரியும், ஆனா அந்தச் சின்னக் கீபோர்ட்ல அடிக்க கை நடுங்குது. அதனால எனக்கு மெசேஜே போட மாட்டேங்குறாரு. வேற போன் வாங்கணுமா?
(கொழும்பில வேலை செய்யும் ஒரு தங்கச்சி)

பதில்: புதுசு வேண்டாம் தங்கச்சி, ஒரு லீவு நாளைக்கு ஊருக்குப் போங்க, பக்கத்தில இருந்து செட் பண்ணிக் குடுங்க, போனிலயே எல்லாம் இருக்கு.

கூகுள் கீபோர்ட் போட்டு, குரல் டைப்பிங்கில தமிழ் இலங்கை எண்டு தனியா ஒரு தெரிவு இருக்கு, அதைத் தெரிவு செய்யுங்க. மைக் படத்தைத் தொட்டிட்டு அப்பா கதைச்சால் எழுத்தா வரும். பிழைகள் வரும், அதைப் பற்றி அவர் கவலைப்படாம அனுப்பட்டும், உங்களுக்கு விளங்கும்தானே. அதுவும் கஷ்டம் எண்டால் வட்ஸ்அப்ல குரல் மெசேஜ். நடுங்குற கைக்கு மைக்கை அமத்திப் பிடிச்சிருக்கிறது கஷ்டம், அமத்தி மேல தள்ளினால் லொக் ஆகும், பிறகு கையை எடுத்திட்டுக் கதைக்கலாம். எழுத்து அளவையும் டிஸ்ப்ளே அளவையும் ரெண்டையும் கூட்டி விடுங்க, கன பேர் எழுத்தை மட்டும் கூட்டிட்டு விட்டிடுவாங்க. முன் திரையில உங்கட படத்தோட ஒரு ஷோர்ட்கட் வையுங்க, தொட்டால் நேரா உங்களுக்குக் கோல் வரட்டும். மற்ற அப் எல்லாத்தையும் ரெண்டாம் பக்கத்துக்குத் தள்ளுங்க.

இடி மின்னல் நேரம் சார்ஜரைக் கழட்டி வைக்கவும் சொல்லிக் குடுங்க. மார்ச், ஏப்ரல்லயும் ஒக்டோபர், நவம்பர்லயும் பின்னேரத்தில மலைநாட்டுப் பக்கம் இடி கடுமை. சுவிட்சை ஓஃப் பண்ணினால் காணாது, பிளக்கையே இழுக்க வேணும். இதைச் செய்ய வேண்டியது இடி தொடங்க முதல், தலைக்கு மேல இடிக்கேக்க பிளக் பேஸ் பக்கம் போக வேண்டாம் எண்டும் சொல்லுங்க.